வழி தப்பிவிட்டதா? முதலில் நில்லுங்கள்: ஓரியன்டீரிங் பந்தயத்துக்குப் போகிறவர்களுக்கு

2022 ஜூலையில், ஸ்வீடனின் உப்சாலா பக்கத்துக் காட்டில், ஒரு போட்டியில் நான்காவது கன்ட்ரோலை, அதாவது கொடி தொங்கும் நான்காவது இடத்தை, தேடி முப்பத்தைந்து நிமிடம் சுற்றினேன். அதற்கு முந்தைய மூன்றையும் சேர்த்தே பதினெட்டு நிமிடத்தில் முடித்திருந்தேன். "பாறாங்கல்லின் வடக்குப் பக்கம்" என்பதுதான் குறிப்பு. என்னைச் சுற்றி எங்கே பார்த்தாலும் பாசி பிடித்த பாறாங்கற்கள், கொடியை மட்டும் காணோம். பிறகு உட்கார்ந்து மேப்பில் நான் போன பாதையை வரைந்து பார்த்தபோது புரிந்தது: வழி தப்பியதால் போனது நான்கைந்து நிமிடம்தான். மீதி முப்பதும், வழி தப்பியதை ஒத்துக்கொள்ளாமல் "இங்கேதான் இருக்கும், இங்கேதான் இருக்கும்" என்று அலைந்ததில் போனது. அந்த முப்பது நிமிடம் உங்களுக்குப் போகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

புதியவர்களுக்கு ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கையில் ஒரு மேப், ஒரு காம்பஸ். மேப்பில் ஊதா நிறத்தில் முக்கோணம் இருந்தால் அது தொடக்கம், எண் போட்ட வட்டங்கள் கன்ட்ரோல்கள், இரட்டை வட்டம் முடிவு. ஒவ்வொரு வட்டத்தின் நடுப்புள்ளியிலும் காட்டில் ஆரஞ்சும் வெள்ளையுமாக, 30 செ.மீ. அளவில், முக்கோணக் கூண்டு போல ஒரு கொடி தொங்கும். வரிசை மாறாமல் எல்லாவற்றுக்கும் போய், விரலில் மாட்டிய சிப்பை அங்கிருக்கும் பெட்டியில் காட்டிப் பன்ச் செய்துவிட்டு (வந்ததைப் பதிந்துவிட்டு), யார் சீக்கிரம் முடிக்கிறாரோ அவருக்கு வெற்றி. நடுவே எந்த வழியில் போவது என்பது முழுக்க உங்கள் முடிவு. இடம் காட்டும் வாட்சைப் பார்த்து வழி கண்டுபிடிக்கக் கூடாது, பிறகு பார்ப்பதற்காகப் பதிவு மட்டும் செய்துகொள்ளலாம்.

ஸ்வீடன், நார்வே படைகளில் பயிற்சியாக இருந்த இந்த ஆட்டம், 1897 அக்டோபர் 31 அன்று ஒஸ்லோ அருகே பொதுமக்களுக்கான போட்டியாக வெளியே வந்தது. ஸ்வீடனில் 1965இலிருந்து ஓ-ரிங்கன் என்ற ஐந்து கட்டப் போட்டி கோடையில் நடக்கிறது, எண்பது வயதைத் தாண்டியவர்களுக்கும் அதில் தனி வகுப்பு உண்டு. இங்கே பள்ளி உடற்பயிற்சிப் பாடத்திலேயே இது இருப்பதால் நம் பிள்ளைகள் பலர் நமக்கு முன்பே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். வடக்கு நாடுகளுக்கு வேலைக்கு வந்த நம் ஆட்கள் காட்டை ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு இருந்துவிடக் கூடாது என்பது என் ஆசை.

முதல் போட்டிக்கு, உங்களால் முடியும் என்று தோன்றுவதைவிட ஒரு படி எளிதான தடத்தை எடுங்கள். நன்றாக ஓடுகிறவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள், ஏனென்றால் கால் போகிற வேகத்துக்குக் கண் மேப்பைப் படிப்பதில்லை. 4 கி.மீ. தடம் என்று போட்டிருப்பது கன்ட்ரோலுக்குக் கன்ட்ரோல் நேர்கோட்டில் அளந்தது. நடுவில் சதுப்பு, பாறை, ஏற்றம் எல்லாம் உண்டு, அதனால் முதல் தடவை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால் அது சாதாரணம். கால் முழுக்க மூடும் மெல்லிய பேன்ட் போடுங்கள். ஈரப் பாறையில் பிடிக்கும்படி அடியில் முள் உள்ள ஷூ இருந்தால் நல்லது, சிப்பை வாடகைக்கு வாங்கலாம், ஒரு விசில் கட்டாயம். உண்ணி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். டிபிஇ என்ற மூளைக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி இருக்கிறது, உண்ணி பரப்பும் இன்னொரு நோயான பொரீலியாவுக்கு உடம்பைப் பார்த்து உண்ணியை உடனே எடுப்பதுதான் காவல், ஆகவே வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் எல்லாம் தேடிவிடுங்கள்.

மேப்பில் நிறங்களைத் தலைகீழாகப் படிப்பது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. வெள்ளை என்றால் வெட்டவெளி இல்லை, ஓட வசதியான காடு. வெட்டவெளி மஞ்சள். பச்சை அடர ஆக ஆகப் புதரும் அடர்த்தி, கரும்பச்சைக்குள் நடப்பதே பாடு. நீலம் தண்ணீரும் சதுப்பும், கறுப்பு பாறையும் பாதையும் மனிதர் கட்டியவையும், பழுப்பு நிலத்தின் மேடு பள்ளம். இந்தப் பழுப்புக் கோடுகளைத்தான் நீங்கள் கடைசியாகக் கற்றுக்கொள்வீர்கள், ஆனால் உங்களை அதிகம் காப்பாற்றப்போவதும் அவைதான். பெரும்பாலும் கோட்டுக்குக் கோடு 5 மீட்டர் உயர வித்தியாசம். பாதை புதிதாக வரும், மரம் வெட்டப்படும், மேடு மட்டும் இடம் மாறாது.

ஓட்டத்துக்குள்

தொடக்கத்தில் சிப்பை கிளியர் செய்து (பழைய பதிவை அழித்து) சோதித்துவிட்டுத்தான் வரிசையில் நிற்க வேண்டும், பதற்றத்தில் இதை மறப்பவர்கள் உண்டு. ஒவ்வொரு கொடியும் எதன் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லும், உங்கள் தடத்துக்கான கன்ட்ரோல் குறிப்புத் தாளை எடுத்துக் கையில் கட்டிக்கொள்ளுங்கள். நேரம் வந்ததும் மேப்பை எடுத்துக்கொண்டு உடனே பாயாதீர்கள். மேப்பைத் திருப்பி, அதில் உள்ள வடக்குக் கோடுகள் காம்பஸின் சிவப்பு முனையோடு ஒத்துப்போகும்படி பிடியுங்கள். அவை காந்த வடக்கைக் காட்டும் கோடுகள், கூட்டல் கழித்தல் எதுவும் தேவையில்லை. மேப்பைச் சின்னதாக மடித்து, இருக்கும் இடத்தின் மேல் கட்டைவிரலை வைத்து, நகர நகர விரலையும் நகர்த்துங்கள். கேட்கச் சாதாரணமாக இருக்கும் இந்தப் பழக்கம்தான் பாதி ஆட்டம். விரல் எங்கே நின்றதோ அதுதான் உங்களுக்குக் கடைசியாக நிச்சயம் தெரிந்த இடம், வழி தப்பியபின் அது விலைமதிப்பற்றது.

ஒவ்வொரு கன்ட்ரோலையும் பின்னாலிருந்து யோசியுங்கள். வட்டத்துக்கு அருகில், நூறு மீட்டருக்குள், தவறவே முடியாத ஒரு இடம் எது? பாதைச் சந்திப்பு, சதுப்பின் மூலை, வேலி திரும்பும் இடம், எதுவாகவும் இருக்கலாம். அங்கே வரை வேகமாகப் போங்கள், அங்கே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, காம்பஸ் பிடித்து, மெதுவாக உள்ளே நுழையுங்கள். அப்புறம், கன்ட்ரோலைத் தாண்டிவிட்டால் எது உங்களைத் தடுக்கும் என்பதையும் முன்கூட்டியே பார்த்து வையுங்கள். "சாலை வந்துவிட்டால் தாண்டிவிட்டேன்" என்று மனதில் இருந்தால் அரை கிலோமீட்டர் வீணாக ஓட மாட்டீர்கள். ஓடைக்கரையில் உள்ள ஒரு சந்திப்புக்குப் போவதானால் நேராகக் குறிவைக்காதீர்கள், வேண்டுமென்றே கொஞ்சம் இடது பக்கம் தள்ளிப் போனால் ஓடையைத் தொட்டதும் வலது பக்கம் திரும்ப வேண்டும் என்பது சந்தேகமில்லாமல் தெரியும். நேராகக் குறிவைத்துத் தவறினால் எந்தப் பக்கம் திரும்புவது என்றே தெரியாது.

தூரத்துக்கு அடி எண்ணுங்கள். ஒரே கால் தரையில் படுவதை மட்டும் எண்ணுவது வழக்கம். எனக்குப் பாதையில் 100 மீட்டருக்கு 40, காட்டில் 48 வரும், உங்கள் கணக்கை ஒரு மாலையில் அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கன்ட்ரோலுக்கு மட்டுமாவது நடந்தே போங்கள், நான் சொல்வதை நம்புங்கள். அந்த மேப்பில் எவ்வளவு சின்னக் கல்லைக் குறித்திருக்கிறார்கள், வெளிர்பச்சை உண்மையில் எவ்வளவு அடர்த்தி என்பதெல்லாம் அந்த முதல் ஐந்து நிமிடத்தில்தான் பிடிபடும்.

தப்பும்போது

தப்பும். உலக சாம்பியன்களுக்கும் தப்புகிறது. கேள்வி எவ்வளவு சீக்கிரம் நிற்கிறோம் என்பதுதான். முதல் அறிகுறி உங்கள் மனதிலேயே வரும்: கண்ணால் பார்ப்பது மேப்போடு ஒட்டவில்லை, ஆனாலும் நீங்கள் ஒட்டவைக்கிறீர்கள். "மேப்பில் சதுப்பு இருக்கிறது, இங்கே காய்ந்திருக்கிறது, கோடையில் காய்ந்திருக்கும்." "மேப்பில் மேடு இடது பக்கம், இங்கே வலது பக்கம் இருக்கிறது, வரைந்தவர் தவறியிருப்பார்." வரைந்தவர் தவறவில்லை. இப்படி ஒரு சமாதானம் மனதில் ஓடினால் உடனே நில்லுங்கள். நான் வைத்திருக்கும் கணக்கு ஒரு நிமிடம்: கொடி தெரிந்திருக்க வேண்டிய நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம் தேடியும் இல்லையென்றால் தேடுவதை நிறுத்திவிடுவேன்.

நின்றதும் முதலில் காம்பஸைப் பாருங்கள். மேப்பைத் தலைகீழாகப் பிடித்து நேர் எதிர்த்திசையில் ஓடுவது அனுபவசாலிகளுக்கும் நடக்கிறது. அடுத்து, நிச்சயமாகத் தெரிந்த கடைசி இடம் எது, அங்கிருந்து எந்தத் திசையில் எத்தனை நிமிடம் வந்தேன் என்று கேளுங்கள். பிறகு சுற்றிலும் பெரியதாக எது இருக்கிறது என்று பாருங்கள். கல்லையும் குழியையும் வைத்து இடம் கண்டுபிடிக்க முயலாதீர்கள், நம்ப வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டால் எந்தக் கல்லும் எந்தக் கல்லோடும் பொருந்திவிடும். மலை எந்தப் பக்கம் இறங்குகிறது, சதுப்பு எந்தத் திசையில் நீள்கிறது, இவை பொய் சொல்லாது. அப்படியும் தெரியவில்லையா, திரும்பிப் போங்கள், அல்லது காம்பஸ் பிடித்து ஒரு சாலைக்கோ ஏரிக்கோ நேராகப் போங்கள். திரும்பிப் போவது கசக்கும், ஆனால் எனக்கு அந்த நான்காவது கன்ட்ரோல் கிடைத்ததே அப்படித்தான்: பாதைச் சந்திப்புக்குத் திரும்ப மூன்று நிமிடம், அங்கிருந்து கொடிக்கு இரண்டு நிமிடம். நான் தேடிக்கொண்டிருந்தது பக்கத்தில் அதே வடிவத்தில் இருந்த இன்னொரு சதுப்பின் கரையில். இந்த இரட்டைத் தவறு மிக வழக்கமானது, அதனால் "இதே மாதிரி இன்னொன்று பக்கத்தில் இருக்கிறதா" என்று மேப்பில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கொடியைக் கண்ட சந்தோஷத்தில் எண்ணைப் பார்க்காமல் பன்ச் செய்வது அடுத்த ஆபத்து. ஒவ்வொரு கன்ட்ரோலுக்கும் 31இலிருந்து தொடங்கும் ஒரு எண் உண்டு, குறிப்புத் தாளில் அதே எண் இருக்க வேண்டும். காட்டில் மற்றத் தடங்களின் கொடிகளும் தொங்கும், தவறான ஒன்றோடு சரியானதை விட்டுப் போனால் தகுதி இழப்புதான். பாதி வழியில் தெரிந்தால் விட்டதிலிருந்து வரிசையாகத் திரும்ப எடுங்கள். பெட்டி சத்தம் தரவில்லையென்றால் அங்கே இருக்கும் ஊசிப் பன்ச்சால் மேப்பில் குத்திக்கொள்ளுங்கள், அது சாட்சி.

தப்பிய நேரத்தைப் பிடிக்க வேகமாக ஓடுவதுதான் இரண்டாவது தவறைக் கொண்டுவருகிறது. ஐந்து நிமிடம் போய்விட்டது, திரும்ப வராது. தப்புக்கு அடுத்த கன்ட்ரோலுக்கு நான் வேண்டுமென்றே மெதுவாகப் போகிறேன், அதை முதல் கன்ட்ரோல் போல நடத்துகிறேன். முன்னால் ஓடுகிறவரைத் தொடர்ந்து போகலாமா என்று தோன்றும். கூடாது, விதிக்கும் எதிர். அவர் வேறு தடத்திலும் இருக்கலாம்.

கால் சுளுக்கினால், குளிரில் உடம்பு நடுங்கினால், நிறுத்திவிடுங்கள், ஆனால் எப்படி நிறுத்தினாலும் முடிவிடத்துக்கு வந்து சிப்பைக் காட்டியாக வேண்டும். காட்டாமல் வீட்டுக்குப் போய்விட்டால் உங்களைத் தேடி ஆட்கள் இருட்டில் காட்டுக்குள் அலைவார்கள். அடிபட்டவரைக் கண்டால் பந்தயத்தை விட்டு உதவுவது எல்லோருக்கும் கடமை, விதியும் அதுதான். 2009இல் ஹங்கேரியின் மிஷ்கோல்ட்ஸ் உலக சாம்பியன்ஷிப் தொடர் ஓட்டத்தில், கடைசிச் சுற்றில் ஸ்வீடனின் மார்ட்டின் யோஹான்சனின் தொடையில் ஒரு குச்சி ஆழமாகக் குத்திவிட்டது. பிரான்சின் தியரி ஜார்ஜியூ, நார்வேயின் ஆண்டர்ஸ் நூர்ட்பெர்க், செக் நாட்டின் மிகால் ஸ்மோலா மூவரும் பதக்கத்துக்காக ஓடிக்கொண்டிருந்தவர்கள், நின்று அவரைக் காப்பாற்றினார்கள். பதக்கம் போனது. இதே ஜார்ஜியூ அதற்கு முந்தைய ஆண்டு தொடர் ஓட்டத்தில் முன்னணியில் இருந்தபோது தொண்டையில் தேனீ கொட்டிப் பந்தயத்தை விட்டவர். 2011இல், சொந்த நாட்டில், அதே தொடர் ஓட்டத்தில் பிரான்சுக்குத் தங்கம் வாங்கித் தந்தார். மனம் சோரும்போது நான் அந்த மூன்று ஆண்டுகளை நினைத்துக்கொள்கிறேன்.

முடிந்த பிறகு

அன்றைக்கே, வாட்ச் பதிவைப் பார்க்கும் முன், மேப்பில் நீங்கள் போனதாக நினைக்கும் பாதையைப் பேனாவால் வரையுங்கள். அப்புறம், வாட்ச் பதிவை மேப்பின் மேல் காட்டும் லைவ்லாக்ஸ் தளத்தில் உண்மைப் பாதையோடு ஒப்பிடுங்கள். இரண்டும் எங்கே பிரிகின்றனவோ அங்கேதான் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது. ஒவ்வொரு கன்ட்ரோலுக்கும் எத்தனை நிமிடம் போனது, ஏன் போனது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள்: "நிற்கவில்லை", "எண் பார்க்கவில்லை", "மேட்டைப் படிக்கவில்லை" என்று இரண்டு சொல் போதும். எங்கள் குழுவில் எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா இருக்கிறார், அவர் இன்றும் எழுதுகிறார்.

ஸ்வீடனில் இருப்பவர்கள் ஈவென்டார் தளத்தில் அருகில் நடக்கும் போட்டிகளையும் பயிற்சிகளையும் பார்க்கலாம். போட்டிக்குத் தயக்கமாக இருந்தால் "ஹிட்டாவுட்" மேப் பல ஊர்களில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் குறித்த இடங்களை நேரக் கணக்கு இல்லாமல், பிள்ளைகளோடு நடந்தே தேடலாம். மேப்பை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.