காட்டை வரையப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

இயற்கைக் காட்சி வரையத் தொடங்குபவர்கள் முதலில் தேடுவது அழகான இடத்தை. அருவி, பள்ளத்தாக்கு, பனிமலை என்று ஓரிடத்துக்கு ஒரு தடவை போய், ஒரு படம் வரைந்துவிட்டு, அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். ஒரு மலை ஒரே நாளில் தன்னைக் காட்டிவிடாது. பிரான்சின் ஓவியர் செசான், செயின்ட் விக்டோயர் என்ற ஒரே மலையை வாழ்நாளெல்லாம் திரும்பத் திரும்ப வரைந்தார். அதே நாட்டு ஓவியர் மோனே 1890-91இல் தன் வீட்டுக்குப் பக்கத்து வயலில் நின்ற கதிர்ப்போர்களையே சுமார் 25 ஓவியங்களாகத் தீட்டினார்.

அடுத்தது பச்சை. குழாயிலிருந்து பிதுக்கிய பச்சையை அப்படியே மரமெங்கும் பூசினால் மரம் பிளாஸ்டிக்காகிவிடும். காலை வெயிலில் ஒரு கிளையின் அருகே போய் நின்று பாருங்கள். வானத்தைப் பார்த்துக் கிடக்கும் இலையின் மினுமினுப்பில் நீலம் படிந்திருக்கும். அதற்குப் பின்னாலிருந்து வெயில் ஊடுருவும் இலையோ மஞ்சளாக எரியும். உள்ளே, கிளைகள் நெருங்கும் இடத்தில், பச்சை என்று சொல்லவே முடியாத ஒரு மங்கல் பழுப்பு. நீலத்தையும் மஞ்சளையும் நீங்களே கலந்து, அதில் துளி சிவப்பைச் சேர்த்தால் அந்தப் பச்சை அடங்கி வரும். தொலைவிலுள்ள மரங்களுக்கு நிறத்தையும் நுணுக்கத்தையும் குறைத்தே ஆக வேண்டும். இடையே காற்று இருக்கிறது.

வெயிலைத் துரத்துவதும் வழக்கமான தவறு. எட்டு மணிக்கு வரையத் தொடங்கி, பத்து மணிக்கு இடம் மாறிவிட்ட நிழல்களுக்கேற்பப் படத்தைத் திருத்திக்கொண்டே போனால், கடைசியில் அந்தக் காட்டில் இரண்டு சூரியன்கள் இருக்கும். உட்கார்ந்தவுடன் நிழல்களின் எல்லையைக் குறித்துவிடுங்கள். பிறகு அவற்றைத் தொடாதீர்கள். இரண்டு மணி நேரத்தில் எழுந்துவிட்டு, மிச்சத்துக்கு மறுநாள் அதே வேளையில் வாருங்கள்.

புகைப்படத்தை மட்டும் நம்பி வீட்டில் வரைவதைப் பற்றி வருத்தத்தோடுதான் சொல்கிறேன். வானத்துக்கு ஏற்ப எடுத்தால் நிழல் கருத்துவிடும்; நிழலுக்கு ஏற்ப எடுத்தால் வானம் வெளுத்துவிடும். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது கண்தான். காட்டிலேயே வரைந்த சிறு படத்தை வைத்து வீட்டில் பெரிதாக வரைவதில் பிழையே இல்லை. கனடாவின் டாம் தாம்சன் அல்கான்குவின் காட்டுக்குச் சிறு மரப்பலகைகளைக் கொண்டுபோய் அங்கேயே வரைவார். அப்படி 1916இல் வரைந்த ஒரு சிறு படத்திலிருந்துதான் அவருடைய புகழ்பெற்ற 'ஜாக் பைன்' ஓவியம் பிறந்தது.

பார்த்ததை எழுதி வைக்காததும் இழப்புதான். இங்கிலாந்தின் ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822இல் ஹாம்ஸ்டெட் மேட்டில் மேகங்களை வரைந்தபோது, பல படங்களின் பின்புறம் தேதி, நேரம், காற்றின் திசை எல்லாவற்றையும் குறித்து வைத்தார். உங்கள் படத்தைத் திருப்பி, ஈரம் காய்வதற்குள் இரண்டு வரி எழுதுங்கள்: எத்தனை மணி, மேகம் எந்தப் பக்கம் நகர்ந்தது, எந்த மரத்தில் தளிர் வந்திருந்தது.