உதகைக் குளிரில் மின்கட்டணம் ஏறாமல் வீட்டைக் கதகதப்பாக வைத்திருக்க

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில், டிசம்பர், ஜனவரி மாதங்களில் புல்வெளிகள் உறைபனியால் வெளுத்துக் கிடக்கும்போது, பலரும் முதலில் தேடுவது ஹீட்டரைத்தான். 2,000 வாட் ஹீட்டரை நாள்தோறும் 4 மணி நேரம் ஓட்டினால், இரண்டு மாதக் கணக்கில் 480 யூனிட் கூடுவதோடு, அது நம்மை உயர்ந்த கட்டண அடுக்குக்கும் தள்ளிவிடும்.

ஆகவே, குளிர் நுழையும் வழிகளை முதலில் அடைக்க வேண்டும். காற்று வீசும் மாலையில் திரைச்சீலையை ஒதுக்கிவிட்டு, கொளுத்திய ஊதுபத்தி ஒன்றைச் சன்னல் சட்டத்தின் ஓரமாக மெல்ல நகர்த்துங்கள். நேராக எழும் புகை எங்கே சட்டென்று வளைந்து அறைக்குள் ஓடுகிறதோ, அங்கே இடுக்கு இருக்கிறது. சட்டத்துக்கு ஒட்டும் நுரைப்பட்டையும், கண்ணாடி விளிம்புக்குச் சிலிக்கான் பசையும், கதவடிக்குப் பழைய சேலையைச் சுருட்டித் தைத்த உருளையும் போதும். இவற்றுள் செலவே இல்லாத சேலைச் சுருளுக்குத்தான் நான் முதலிடம் தருவேன்.

தென்புறச் சன்னல்களின் திரைகளைப் பகலில் விலக்கி வெயிலை உள்ளே விட்டு, இருட்டும்வரை காத்திராமல் வெயில் இறங்கியதுமே மூடிவிட வேண்டும். தகரக் கூரை வீடுகளில் வெப்பம் பெரும்பாலும் மேல்வழியாகவே வெளியேறுவதால், பலகையால் உட்கூரை அமைப்பது செலவுக்குத் தகும். தரைக்கு ஜமுக்காளம், படுக்கைக்கு வெந்நீர்ப் பை.

மூடிய அறையில் கரியடுப்பை வைத்துக்கொண்டு ஒருபோதும் உறங்கக் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது என்பதால், மூச்சுத் திணறுவதை உணரும் முன்பே உயிர் போய்விடக்கூடும். எரிவாயு அடுப்புள்ள சமையலறையின் காற்றுத் துளைகளையும் அடைக்க வேண்டாம்.