கிறிஸ்தவப் புத்தகம் வாசிக்கத் தொடங்குகிறவர்களுக்கு: ஒன்றை எடுங்கள், மெதுவாகப் போங்கள்

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது வாசலில் போட்டிருக்கும் மேசையில் ஒன்றிரண்டு புத்தகம் வாங்குவோம். வீட்டுக்கு வந்ததும் அலுமாரியில் வைப்போம். அடுத்த நத்தாருக்கு வீடு துடைக்கும்போதுதான் அவற்றை மறுபடி கையில் எடுப்போம். கொழும்பில் பல கிறிஸ்தவ வீடுகளில் இதுதான் கதை. வாசிக்க ஆசை இல்லாமல் இல்லை. எதில் தொடங்குவது, எவ்வளவு வாசிப்பது என்று தெரியாமல்தான் நின்றுபோகிறது. நான் பின்பற்றுகிற முறையைப் படிப்படியாகச் சொல்கிறேன். நீங்கள் கத்தோலிக்கராக இருந்தாலும் சரி, மெதடிஸ்த, அங்கிலிக்கன், பெந்தெகொஸ்தே சபைக்காரராக இருந்தாலும் சரி, இது பொருந்தும்.

படி 1: வேதாகமம் பக்கத்தில் இருக்கட்டும்

புத்தகத்தில் ஒரு வசன எண் வந்தால் தாண்டிப் போகாமல் அதை எடுத்துப் பாருங்கள். பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே தினமும் வேதவாக்கியங்களோடு வைத்துப் பார்த்தார்கள் (அப்போஸ்தலர் 17:11). பவுலுக்கே அந்தச் சோதனை என்றால், போன மாதம் அச்சாகி வந்த புத்தகத்துக்கு ஏன் கூடாது? பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் கடினமாக இருந்தால், 1995இல் வெளிவந்த திருவிவிலியம் இலகுவாக இருக்கும். இரண்டும் வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது.

படி 2: ஒரே ஒரு புத்தகத்தைத் தெரிவு செய்யுங்கள்

இங்கேதான் அவசரப்படக்கூடாது. அட்டையிலேயே பணமும் பதவியும் வாக்குக் கொடுக்கிற புத்தகங்களை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். எப்போதைக்கும் தள்ளி வைத்தாலும் நட்டமில்லை. காலம் கடந்து நிற்கிற நூல்களில் ஒன்றை எடுங்கள்.

கதை பிடிக்கும் என்றால் ஜான் பனியனின் ‘மோட்சப் பிரயாணம்’. அனுமதி இல்லாமல் பிரசங்கம் செய்தார் என்று இங்கிலாந்தில் 12 வருடங்கள் சிறையில் இருந்தவர் அவர். நூலின் முதற்பாகம் 1678இல் வந்தது. முதுகில் பாரச்சுமையோடு ஒரு மனிதன் தன் ஊரை விட்டுப் புறப்பட்டு மோட்ச நகரத்துக்கு நடந்து போவதுதான் கதை. கத்தோலிக்க வாசகருக்கு ஒரு விஷயம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: வழியில் ஒரு குகையில் போப்பாண்டவரை அரக்கனாகக் காட்டும் இடம் ஒன்று வரும். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் சண்டை அது. அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிடாதீர்கள்.

கதை வேண்டாம், ஜெபத்துக்கு உதவினால் போதும் என்றால் தோமா கெம்பிஸின் ‘கிறிஸ்துநாதர் அனுசாரம்’. 15ஆம் நூற்றாண்டில் லத்தீனில் எழுதப்பட்டது. நான்கு பாகம், மொத்தம் 114 சிறிய அதிகாரங்கள். ஒரு நாளுக்கு ஒன்று வாசித்தால் நான்கு மாதத்துக்குள் முடிந்துவிடும். முதற்பாகம் துறவிகளுக்குச் சொல்வதுபோல் கொஞ்சம் கறாராக இருக்கும். வேலை, பிள்ளைகளின் ரியூசன் என்று ஓடுகிறவருக்கு அது சட்டென்று ஒட்டாது. அதனால் 12 அதிகாரங்களே உள்ள இரண்டாம் பாகத்தில் தொடங்குங்கள். நான்காம் பாகம் நற்கருணை பற்றியது.

மூன்றாவது, ஆதித் திருச்சபையின் ஆயர் அகுஸ்தீனார் எழுதிய தன்வரலாறு (ஆங்கிலத்தில் Confessions). அது 13 பாகங்கள் கொண்டது. தொடக்கக்காரர் முதல் ஒன்பதை வாசித்தால் போதும், வாழ்க்கைக் கதை அங்கே முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நினைவாற்றல், காலம், படைப்பு என்று ஆழமான சிந்தனைக்குள் போய்விடுவார்.

மூன்றில் எது என்று என்னைக் கேட்டால் பனியன்தான். கதை நம்மை இழுத்துக்கொண்டு போகும்.

படி 3: எங்கே கிடைக்கும்?

கொள்ளுப்பிட்டியில் காலி வீதியில் இருக்கும் வேதாகமச் சங்கத்தில் வேதாகமம் வாங்கலாம். 1812இல் தொடங்கிய சங்கம் அது. பக்தி நூல்களுக்கு உங்கள் சபையின் அல்லது பங்கின் புத்தகக் கடையை முதலில் பாருங்கள். இந்தியப் பதிப்பு என்றால் பின்னட்டையில் இருப்பது இந்திய ரூபாய், நம்முடைய காசில் அது பல மடங்காகும். வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். மருதானைப் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகளில் ஆங்கிலப் பிரதிகள் மலிவாக அகப்படலாம், தமிழில் கிடைத்தால் அதிர்ஷ்டம். காசு செலவழிக்க முன்னால், வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்க நூலகத்திலும் கொழும்புப் பொது நூலகத்திலும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

படி 4: நேரம்

பதினைந்து நிமிடம் போதும். வீட்டார் எழும்ப முன்னால், தேத்தண்ணியோடு. கரையோர ரயிலில் இருக்க இடம் கிடைத்தால் அதுவும் சரி. சத்தமாகப் பாட்டுப் போடுகிற பஸ்ஸில் முயற்சிக்க வேண்டாம். போனை வேறு அறையில் வையுங்கள்.

படி 5: ஒரு பக்கத்தை எப்படி வாசிப்பது?

மோட்சப் பிரயாணத்தின் ஆரம்பத்தில் வரும் சேற்றுக் காட்சியை எடுத்துக்கொள்வோம். பயணியும் அவனோடு கூட வந்த அயலவனும் பேசிக்கொண்டே போய் ஒரு சேற்றுக்குள் விழுகிறார்கள். முதல்முறை வாசிக்கும்போது என்ன நடக்கிறது என்று மட்டும் பாருங்கள். அயலவனுக்குக் கோபம் வருகிறது. தட்டுத்தடுமாறி வெளியே ஏறி வீட்டுக்கே திரும்பிவிடுகிறான். பயணி முதுகுச் சுமையோடு உள்ளே தாழ்கிறான். பிறகு ஒருவர் வந்து கைகொடுத்துத் தூக்கிவிடுகிறார்.

சரி, இப்போது இரண்டாம் முறை, கையில் பென்சிலோடு. அயலவன் எந்தக் கரையில் ஏறினான்? தன் வீட்டுக்குக் கிட்டிய கரையில். பயணி எந்தப் பக்கம் போக முயன்றான்? வீட்டுக்குத் தூரமான கரைக்கு. ஒரே சேறு, ஒரே பயம், ஆனால் முகம் திரும்பிய திசை வேறு. முதல் வாசிப்பில் இது கண்ணில் படாமலே போய்விடும். தூக்கிவிட்டவர் கேட்கிற கேள்வியையும் கவனியுங்கள்: காலை வைத்து நடக்கப் படிக்கற்கள் இருந்தனவே, ஏன் பார்க்கவில்லை? பயத்தில் ஓடியதால் பார்க்கவில்லை என்கிறான் பயணி. அந்தக் கற்கள் தேவனுடைய வாக்குத்தத்தங்கள் என்று பனியன் ஓரக்குறிப்பே எழுதியிருக்கிறார். இன்னொன்று, அந்த இடத்தை நிரப்ப 20,000 வண்டி நல்ல போதனைகளைக் கொட்டியும் சேறு சேறாகவே கிடக்கிறதாம். பிரசங்கம் கேட்டுக் கேட்டும் மனச்சோர்வு போகவில்லையே என்று ஏங்குகிறவருக்கு இந்த வரி எவ்வளவு ஆறுதல்!

மூன்றாவதாக வேதாகமத்தைத் திறந்து சங்கீதம் 40:2ஐ எடுங்கள். ‘பயங்கரமான குழியிலும் உளையான சேற்றிலுமிருந்து என்னைத் தூக்கியெடுத்து’ என்று தாவீது பாடுகிறார். அந்த வசனத்தையே உங்கள் வார்த்தையில் ஜெபமாகச் சொல்லுங்கள். அன்றைக்கு அவ்வளவுதான். அடுத்த பக்கம் நாளைக்கு.

படி 6: ஒரு கொப்பி

அழகான நாட்குறிப்பு எதுவும் தேவையில்லை, பள்ளிக்கூடக் கொப்பி போதும். மனதில் தைத்த ஒரு வரி, விளங்காத ஒரு கேள்வி. கேள்வியைக் கட்டாயம் எழுதுங்கள், அடுத்த படிக்கு அதுதான் வேண்டும்.

படி 7: ஒருவரிடம் கேளுங்கள்

எத்தியோப்பிய மந்திரி இரதத்தில் இருந்து ஏசாயாவை வாசித்துக்கொண்டிருந்தபோது, ‘நீர் வாசிக்கிறவைகளின் கருத்து உமக்குத் தெரியுமா?’ என்று பிலிப்பு கேட்கிறார். ஒருவன் தெரிவிக்காவிட்டால் எப்படித் தெரியும் என்கிறார் மந்திரி (அப்போஸ்தலர் 8:30–31). அவ்வளவு பெரிய அதிகாரிக்கே கேட்க வெட்கமில்லை. உங்கள் கொப்பியைப் பாதரிடமோ பாஸ்டரிடமோ கொண்டுபோங்கள். அவர்களுக்கு நேரமில்லை என்றால், சபையில் அதிகம் வாசிக்கிற ஒரு அன்ரி எப்படியும் இருப்பார். அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். சில நேரம் பாதரை விட நன்றாகவே விளக்குவார்.

படி 8: நடுவில் சலித்துவிட்டால்

இரண்டு கிழமை போராடியும் ஒட்டவில்லை என்றால் வேறொன்றை எடுங்கள். அதில் பாவம் ஒன்றுமில்லை. பாரிஸ் நகர மடத்துச் சமையலறையில் வேலை செய்த சகோதரர் லாரன்ஸின் உரையாடல்களும் கடிதங்களும் சிறிய நூலாகக் கிடைக்கும். சட்டி பானைக்கு நடுவிலும் தேவனோடு பேசிக்கொண்டிருந்த மனிதர், 1691இல் காலமானார். சோர்ந்திருக்கும் நேரத்துக்கு ஏற்ற புத்தகம்.

புத்தகம் முடிந்ததும் பென்சில் கோடு போட்ட இடங்களை மட்டும் இன்னொருமுறை வாசியுங்கள். அப்புறம் அடுத்தது. பனியனை முடித்தவர்களில் செய்யுள் பிடித்தவர்களுக்கு எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ இருக்கிறது. அதே பயணத்தை 1894இல் தமிழ்க் காப்பியமாகப் பாடிவைத்தார். கதை ஏற்கெனவே தெரிந்திருப்பதால் அவ்வளவு பயமுறுத்தாது. உரையோடு இருக்கும் பதிப்பு கிடைத்தால் அதையே எடுங்கள்.