மாதக் கட்டணம் இல்லாத கில்ட் வார்ஸ் 2: தோட்டப்புற இணையத்தில் காசு கொடுக்காமல் ஆடிப் பார்ப்பது எப்படி?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் கணினி வைத்திருக்கும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணே, கில்ட் வார்ஸ் 2 சும்மாவே ஆடலாமாமே, நேரம் போடலாமா?" போடலாம். ஆனால் பலர் ஒரே நேரத்தில் இணையத்தில் சேர்ந்து ஆடும் விளையாட்டு இது; நம் ஊர் லைனில் அது ஓடுகிறதா என்று ஒரு சென் கூடச் செலவழிக்காமல் பார்த்துவிட்டுப் போடுங்கள். அதற்கான வழிதான் இந்தப் பதிவு.

ஏன் இந்த விளையாட்டு? வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் மாதிரி மாதம் 15 டாலர் கட்டும் விளையாட்டில், கட்டிய காசு வீணாகக்கூடாதே என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு உட்காருவோம். கில்ட் வார்ஸ் 2 வெளிவந்தது 2012 ஆகஸ்டில். அன்றிலிருந்து அதற்கு மாதக் கட்டணம் கிடையாது. 2015 முதல் அடிப்படை விளையாட்டே இலவசம். அதைவிட முக்கியம், அன்று பாத்திரத்துக்கு 80 என்று வைத்த உச்ச நிலையை இன்றுவரை உயர்த்தவில்லை. எஸ்.பி.எம். தேர்வு வருடம் முழுக்க மூடி வைத்துவிட்டுத் திரும்பி வந்தாலும், பழைய வாளும் கவசமும் குப்பைக்குப் போயிருக்காது. வேலைக்குப் போகிறவனுக்கும் படிக்கிற பிள்ளைக்கும் இது பெரிய விஷயம்.

விண்டோஸ் கணினி உங்களிடம் இருக்கிறது, மென்பொருள் நிறுவத் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

படி 1: எந்த வாசல் வழியாக நுழைவது?

இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று, இதை உருவாக்கிய அரீனாநெட் நிறுவனத்தின் சொந்தத் தளம். மற்றது ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடைத் தளம், அங்கே 2022 ஆகஸ்டில்தான் வந்தது. எதில் நுழைந்தாலும் உலகம் ஒன்றே, ஆட்களும் ஒன்றே. கணக்குதான் வேறு. சொந்தத் தளத்தில் திறந்த கணக்கைப் பிறகு ஸ்டீமுக்கு மாற்ற முடியாது. ஸ்டீம் வழியாகத் திறந்த கணக்குக்கு விரிவாக்கங்களையும் (காசு கொடுத்து வாங்கும் கூடுதல் பகுதிகள்) ஸ்டீமில்தான் வாங்க வேண்டும். 80ஆம் நிலைக்குப் போன பிறகு இது தெரியவந்தால் வயிறு எரியும்.

நம் ஊருக்கு நான் சொல்வது ஸ்டீம். விலை ரிங்கிட்டில் இருக்கும். கிரெடிட் கார்டு இல்லாதவர்கள் கடையில் ஸ்டீம் வாலட் குறியீடு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். கடவுச்சொல் இன்னொன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளும் வேலையும் மிச்சம்.

படி 2: 70 ஜிபியை வீட்டுக்குக் கொண்டுவருவது

இங்கேதான் பாதிப் பேர் விட்டுவிட்டு ஓடுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

விளையாட்டுக்கு 70 ஜிபிக்குக் குறையாமல் இடம் வேண்டும். நொடிக்கு 10 மெகாபிட் தரும் லைனில் அத்தனையும் இறங்க 15 மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் இடையில் அறுந்து போகாமல் இருந்தால். 100 மெகாபிட் ஃபைபர் உள்ள தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் அதே வேலை ஒன்றரை மணி நேரம்தான். ஆகவே தாமானில் இருக்கும் மாமா வீட்டிலோ நண்பன் வீட்டிலோ இறக்கி, டிஸ்கில் எடுத்து வாருங்கள்.

இந்த விளையாட்டில் அதற்கு ஒரு வசதி இருக்கிறது. மொத்த உலகமும் ஒரே பெரிய கோப்புக்குள் அடக்கம். பெயர் ஜி.டபிள்யூ.2, வால் டி.ஏ.டி. அதோடு அந்த விளையாட்டுக் கோப்புறை முழுவதையும் நகல் எடுத்தால் போதும்.

ஆனால் ஒரு கண்ணி. கொஞ்சம் இறங்கியதுமே "ஆடு" பொத்தான் வந்துவிடும். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்து நகல் எடுக்காதீர்கள். மீதியை நீங்கள் புது இடத்துக்குப் போகப் போக அது இறக்கிக்கொண்டே இருக்கும். தோட்டத்து வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு வரைபடத்துக்கும் கதவு திறக்கக் காத்திருப்பீர்கள். ஸ்டீமில் விளையாட்டின் பெயரை வலது சொடுக்கி, பண்புகளுக்குள் போய், தொடக்க விருப்பங்கள் கட்டத்தில் ஒரு சிறு கோடு போட்டு, இடைவெளி விடாமல் 'இமேஜ்' என்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். இப்போது திறந்தால் விளையாட்டு ஓடாது, பாக்கி அத்தனையையும் இறக்கிவிட்டுத் தானே மூடிக்கொள்ளும். முடிந்ததும் அந்தச் சொல்லை மறக்காமல் அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் விளையாட்டு திறந்து திறந்து மூடிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது நகல். என் அக்கா மகன் 128 ஜிபி பென்டிரைவோடு வந்தான். உள்ளே ஒன்றுமே இல்லை, அத்தனையும் காலி இடம். ஆனாலும் "கோப்பு மிகப் பெரியது" என்று விண்டோஸ் திருப்பி அனுப்பிவிட்டது. பென்டிரைவில் கோளாறு என்று நினைத்துக் கடைக்கே போய்ச் சண்டை போடத் தயாராகிவிட்டான். கோளாறு அதில் இல்லை. பல பென்டிரைவ்கள் ஃபாட்32 என்ற பழைய அமைப்பில் வருகின்றன. அதில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. நம்முடையதோ பல பத்து ஜிபி உள்ள ஒரே கோப்பு. டிரைவை வலது சொடுக்கி, ஃபார்மட் போய், எக்ஸ்ஃபாட் என்று மாற்றுங்கள். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், அதனால் கல்யாணப் படம், காதுகுத்துப் படம் இருந்தால் முதலில் வெளியே எடுத்து வையுங்கள்.

என்னைக் கேட்டால் மலிவுப் பென்டிரைவே வேண்டாம். நொடிக்கு 10 எம்பிதான் எழுதும், இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். யூஎஸ்பி 3 ஹார்ட்டிஸ்கை அதற்குரிய துளையில் (பெரும்பாலும் உள்ளே நீலமாக இருக்கும்) செருகினால் கால் மணி, இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். நகல் எடுக்கும்போது விளையாட்டும் அதன் தொடக்கத் திரையும் மூடியிருக்க வேண்டும்.

வீட்டுக் கணினியில் ஸ்டீம் கோப்புறைக்குள் 'காமன்' என்ற இடத்தில் அப்படியே வைத்துவிட்டு, பிறகு நிறுவு பொத்தானை அழுத்துங்கள். இருப்பதைக் கண்டுபிடித்துக்கொண்டு குறைவதை மட்டும் இறக்கும்.

படி 3: அமெரிக்காவா, ஐரோப்பாவா?

நம் பக்கத்தில் சர்வர் கிடையாது. வட அமெரிக்கா, ஐரோப்பா இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு வட்டாரத்தில் இருப்பவர் மற்ற வட்டாரத்து நண்பரை விளையாட்டுக்குள் சந்திக்கவே முடியாது. கூட்டாளிகள் முன்கூட்டியே பேசி முடிவெடுங்கள்.

தென்கிழக்காசிய, ஆஸ்திரேலியக் குழுக்கள் பெரும்பாலும் வட அமெரிக்காவில்தான் இருக்கின்றன. நேரக் கணக்கு இன்னும் சுவாரசியம். நியூயார்க்கில் இரவு 8 மணி என்றால் நமக்குக் காலை 8 அல்லது 9. செம்பனை ஆலையில் இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர், குளித்துச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் கூட்டம் அலைமோதும் நேரம் அது. தினப் பணிகள் புதுப்பிக்கப்படுவதும் நமக்குக் காலை 8 மணிக்குத்தான். இரவு 9க்கு மேல்தான் ஆட முடியும் என்பவருக்கு ஐரோப்பாவும் மோசமில்லை, அங்கே அது பிற்பகல். எனக்குத் தெரிந்த குழு இருக்கும் இடம் என்பதால் என் ஓட்டு வட அமெரிக்காவுக்கே.

பிங் (நம் கணினிக்கும் சர்வருக்கும் இடையே தகவல் போய்வரும் நேரம்) பற்றி எல்லாரும் பயப்படுகிறார்கள். நம் ஊரிலிருந்து கால் வினாடியை ஒட்டி வரும், அதாவது 250 மில்லிசெகண்ட் அளவு. விளையாட்டின் அமைப்புகள் பலகையிலேயே எண் தெரியும். இது ஆடக்கூடிய அளவுதான். ஏனென்றால் எதிரி அடிக்கும் முன் தரையில் சிவப்பு வட்டம் வரும். நீங்கள் உருண்டு தப்பும்போது முக்கால் வினாடிக்கு எந்த அடியும் படாது. கால் வினாடி தாமதத்தை அந்த முக்கால் வினாடி விழுங்கிவிடும். கொஞ்சம் முன்கூட்டி உருளப் பழகுங்கள், அவ்வளவுதான்.

தாமதத்தைவிட எரிச்சலூட்டுவது நிலையில்லாத லைன். 200, 210, திடீரென்று 1400, மறுபடி 200. வீட்டு வைஃபைதான் இதற்குப் பாதிக் காரணம். மோடத்திலிருந்து நீளமாக ஒரு லேன் கம்பி இழுத்துவிடுங்கள். பிங்கைக் குறைக்கிறோம் என்று மாதச் சந்தா கேட்கும் மென்பொருள்கள் பக்கம் போக வேண்டாம்; மாதக் கட்டணம் வேண்டாம் என்றுதானே இங்கே வந்தோம்!

அப்புறம், மாலையில் இடி முழங்க ஆரம்பித்தால் ஆட்டத்தை மூடி, மோடத்தின் மின் செருகி, உள்ளே வரும் தொலைபேசிக் கம்பி இரண்டையும் கழற்றுங்கள். மின் செருகியை மட்டும் கழற்றினால் போதாது, பழைய செப்புக் கம்பி லைனில் மின்னல் அந்தக் கம்பி வழியாகவும் வரும்.

படி 4: மடிக்கணினிக்கு மூச்சு விட இடம்

தனிக் கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத கணினியிலும் ஓடும். கூட்டம் கூடினால் திணறும். கேரக்டர் மாடல் லிமிட் என்ற அமைப்பை ஆகக் கீழே இறக்குங்கள், நிழலையும் நீரில் தெரியும் பிரதிபலிப்பையும் அணைத்துவிடுங்கள். மற்றதைத் தொட வேண்டியதில்லை.

படி 5: பாத்திரமும் முதல் வாரமும்

ஐந்து இனங்கள், ஒன்பது தொழில்கள். அதில் ரெவனன்ட் மட்டும் காசு கொடுத்தவர்களுக்கு. இனம் எதுவானாலும் சரி, முகம் பிடித்ததை எடுங்கள். தொழிலில்தான் கவனம் வேண்டும். நம் பிங்குக்கு நெக்ரோமான்சர் நல்லது: உயிர் குறைந்தால் நிழல் வடிவத்துக்குப் போகலாம், அது இரண்டாவது உயிர்ப்பட்டை மாதிரி அடியை வாங்கிக்கொள்ளும். வளர்ப்பு விலங்கோடு வரும் ரேஞ்சரும் பரவாயில்லை. எலிமென்டலிஸ்ட், தீஃப் இரண்டும் உடம்பு மெலிந்தவை. தாமதமான லைனில் தரையைப் பார்த்தபடி படுத்திருப்பதுதான் மிஞ்சும்.

மனித இனத்தை எடுத்தால் குவீன்ஸ்டேல் என்ற பசுமையான இடத்தில் தொடங்கும். அங்கே முதல் வேலைகளில் ஒன்று டாயா என்ற விவசாயிக்கு உதவுவது. சோளத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், மாட்டுக்குத் தீனி வைக்க வேண்டும், புழுக்கள் கிளப்பிய மண்மேட்டை மிதித்து அமுக்க வேண்டும். பகல் முழுக்கத் தோட்டத்தில் நின்றுவிட்டு வந்த என் சித்தப்பா இதைப் பார்த்துவிட்டு, "இதுக்குச் சம்பளம் எவ்வளவுடா?" என்று கேட்டார்.

இந்த விளையாட்டின் நல்ல குணம் இங்கேதான் தெரியும். நீங்கள் அடிக்கும் மிருகத்தை இன்னொருவர் வந்து அடித்தால் உங்கள் பங்கு குறையாது, இருவருக்கும் தனித்தனியாகக் கிடைக்கும். மரம் வெட்டினாலும் அப்படியே; நீங்கள் வெட்டிய மரம் அடுத்தவருக்கு நின்றுகொண்டுதான் இருக்கும். விழுந்து கிடப்பவரை எழுப்பிவிட்டால் அனுபவப் புள்ளி. ஆகவே முன்பின் தெரியாதவர்கள் ஓடி வந்து தூக்கிவிடுவார்கள்.

அதே குவீன்ஸ்டேலில் சதுப்பு நிலம் ஒன்று இருக்கிறது. ஷேடோ பெஹிமத் என்ற பெரிய பூதம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அங்கே எழும். மலேசிய நேரப்படி இரவு 7:45, 9:45, 11:45. ஐந்து நிமிடம் முன்னால் போய் நில்லுங்கள். 80ஆம் நிலைக்காரர்களும் வருவார்கள், ஆனால் அந்த இடத்துக்கு ஏற்ப அவர்கள் பலம் தானாகவே குறைக்கப்பட்டிருக்கும். இந்தக் கூட்டத்தில் உங்கள் லைன் தாக்குப்பிடித்தால் மற்ற இடங்களிலும் பிடிக்கும். அன்றைக்கே உங்களுக்குப் பதில் கிடைத்துவிடும்.

படி 6: இலவசத்தில் என்ன இல்லை, எப்போது காசு கொடுக்கலாம்?

80ஆம் நிலை வரை முழு அடிப்படை உலகமும், சொந்தக் கதையும், லிவிங் வேர்ல்டு என்ற தொடர்கதையின் முதல் பருவமும் இலவசம். தடைகள் இவை: பாத்திரங்கள் இரண்டு மட்டும். 10ஆம் நிலைக்கு முன் தொடக்க வட்டாரத்தை விட்டு வெளியேற முடியாது. பெரிய அணிப் போருக்கு 60ஆம் நிலை வேண்டும். சந்தையில் எல்லாப் பொருளையும் வாங்கி விற்க முடியாது.

காசு கொடுப்பதானால் ஜெம்மில் (விளையாட்டுக் கடையில் பொருள் வாங்கும் நாணயம்) கொடுக்காதீர்கள். 10 டாலருக்கு 800 ஜெம்; அதில் வாங்கும் உடையும் சாயமும் உங்கள் கணக்கின் தடைகளை நீக்காது. விரிவாக்கம் ஒன்றை வாங்கினால் அந்தத் தடைகள் எல்லாம் நீங்கும். பாத் ஆஃப் ஃபயர் வாங்கினால் ஹார்ட் ஆஃப் தார்ன்ஸும் சேர்ந்தே வரும், சொந்தத் தளத்தில் இரண்டுக்கும் சேர்த்து 30 டாலர். அடிக்கடி பாதி விலைக்கு இறங்கும், அதுவரை பொறுங்கள். 2023 முதல் வருடத்துக்கு ஒன்றாகப் புது விரிவாக்கங்கள் வருகின்றன. தொடங்குகிறவர்கள் அவற்றைத் துரத்த வேண்டாம்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

பேசினால் யாருமே பதில் சொல்வதில்லை என்று ஒரு தங்கை எழுதியிருந்தார். இலவசக் கணக்குக்கு வரைபட அரட்டை பூட்டியிருக்கும், தங்கம் விற்கும் போலிக் கணக்குகளைத் தடுக்க. பக்கத்தில் நிற்பவரிடம் 'சே' அரட்டையில் பேசலாம், அது கேட்கும்.

கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் ஆடலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஆட்டத்துக்குச் செலவாகும் டேட்டா, காணொளி பார்ப்பதைவிடக் குறைவு. ஆனால் 'அன்லிமிடெட்' திட்டங்கள் பலவற்றில் ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி அளவு இருக்கும், அதை முதலில் பாருங்கள். புதுப்பிப்புகள்தான் அதைத் தின்றுவிடும். அவை பெரும்பாலும் நமக்குச் செவ்வாய் நள்ளிரவை ஒட்டி வரும். ஆகவே புதன்கிழமை வீட்டு லைனில் ஒருமுறை திறந்து, இறக்கிவிட்டுப் பிறகு ஹாட்ஸ்பாட்டுக்கு மாறுங்கள்.

சொந்தத் தளத்துக் கணக்கு வைத்திருப்பவருக்கு, ஹாட்ஸ்பாட்டில் நுழையும்போதெல்லாம் மின்னஞ்சலில் ஒப்புதல் கேட்கிறதாம். இணைய முகவரி மாறுவதால் வருவது அது, கணக்கை யாரும் திருடப் பார்க்கவில்லை. ஒப்புதல் அஞ்சல் குப்பைப் பெட்டிக்குள் விழுந்திருக்கும், அங்கேயும் தேடுங்கள்.