சின்னப் பிள்ளையின் பேணியில் சேரும் பிழைகள்

ஒரு வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளை அன்றாடம் குடிக்க வேண்டியவை இரண்டுதான்: தண்ணீர், பால். தாய்ப்பால் தொடர்கிறது என்றால் மிகவும் நல்லது. இரண்டு வயது வரையும் அதற்கு அப்பாலும் கொடுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. மற்றவை எல்லாம் எப்போதாவது கொடுப்பவை. ஆனால் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கத்து வீடுகளில் பிள்ளையின் பேணிக்குள் வேறு பலதும் வந்துவிடுகின்றன. உடம்புக்குச் சத்து, வெயிலுக்குக் குளிர்ச்சி, பசி தாங்கும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். சோடா கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். நல்லது என்று நம்பிக் கொடுப்பவைதான் கவனிக்க வேண்டியவை.

பின்னேரத் தேநீர்

பின்னேரம் நான்கு மணியென்றால் அடுப்பில் கேத்தல் ஏறிவிடும். வயலால் வந்தவர்களுக்கு பிளேன்ரீ ஊற்றும்போது காலடியில் நிற்கும் பிள்ளைக்கும் ஒரு சிறு பேணி. அம்மம்மா மாரி பிஸ்கட்டை இரண்டாக உடைத்துத் தேநீரில் தோய்த்து, ஊறிப்போய் விழுவதற்குள் பிள்ளையின் வாயில் வைத்துவிடுவார். “சாயம் குறைவாகத்தானே ஊற்றியிருக்கிறேன்” என்று ஒரு சமாதானமும் வரும்.

சாயம் குறைந்தாலும் சிக்கல் தீராது. தேயிலையிலுள்ள டானின், உணவில் இருக்கும் இரும்புச்சத்தைப் பற்றிக்கொண்டு அது உடலில் சேராமல் தடுக்கிறது. கீரை, பருப்பு, தானியம் ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் இரும்புச்சத்துக்கே இந்தத் தடை அதிகம். இறைச்சியும் மீனும் நாள்தோறும் வாங்க முடியாத வீட்டில் பிள்ளைக்குக் கிடைக்கும் இரும்பு பெரும்பாலும் இந்த வகைதான். முருங்கையிலையும் பருப்பும் பிசைந்து பாடுபட்டு ஊட்டிவிட்டு, அதன்மேல் அரைப்பேணி தேநீரை ஊற்றினால் ஊட்டியதில் ஒரு பங்கு வீண். இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளை வெளிறிச் சோர்ந்து போகும், சாப்பாட்டில் நாட்டம் குறையும். சாப்பிடாத பிள்ளைக்குத் தேநீரும் பிஸ்கட்டுமாவது போகட்டும் என்று வீட்டில் முடிவெடுப்பார்கள். அங்கேதான் சுற்று தொடங்குகிறது.

பால் ஊற்றிவிட்டால் தேநீர் பால் ஆகிவிடாது. டானினும் தூக்கத்தைக் கெடுக்கும் கஃபீனும் அதில் அப்படியே இருக்கும். கூடவே இரண்டு கரண்டி சீனி. பிள்ளைக்கு வேண்டியது பெரும்பாலும் தேநீர் அல்ல, பெரியவர்களோடு இருந்து குடிக்கும் அந்தச் சபை. அதே பேணியில் இளஞ்சூட்டுப் பாலையோ தண்ணீரையோ ஊற்றிக் கொடுத்தால் முதல் சில நாள் முகத்தைச் சுளிக்கும், பிறகு பழகிவிடும். அம்மம்மாவைப் பழக்குவதற்குத்தான் கூடுதல் நாள் பிடிக்கும்.

தடிமன் நேரத்தில் மல்லித் தண்ணீர் கொடுப்பது வேறு விஷயம். சீனியோ பனங்கட்டியோ இல்லாமல் நாலைந்து கரண்டி கொடுத்தால் கெடுதல் ஒன்றும் வராது. நாள்தோறும் காலையில் பனங்கட்டியோடு கொடுப்பதுதான் தேவையற்றது. பனங்கட்டியும் சர்க்கரையும் தேனும் பற்களுக்கு இனிப்புத்தான். தேன் ஒரு வயதுக்கு முன் அறவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் கைக்குழந்தைக்கு ஆபத்தானவை.

பால்: அளவிலும் வகையிலும்

“சோறு உண்ணாவிட்டால் என்ன, பால் நன்றாகக் குடிக்கிறான்” என்ற பேச்சைக் கேட்காத கிளினிக் இல்லை. பாலில் கல்சியமும் புரதமும் உண்டு, இரும்புச்சத்து மிகக் குறைவு. பால் மட்டும் குடித்து வயிறு நிரம்பும் பிள்ளைக்குச் சோற்றுக்கும் மீனுக்கும் இடமில்லாமல் போகிறது. ஒரு வயதுக்கு மேல் நாளொன்றுக்கு 350 முதல் 500 மில்லிலீற்றர் வரை பால் போதுமானது. அதைத் தாண்டும்போது சாப்பாட்டைத்தான் பால் விழுங்குகிறது.

மறுபக்கத்தில் தண்ணீராய்க் கரைத்த பால். 2022 இல் பால்மாவுக்கு வரிசையில் நின்றதையும் விலை ஏறியதையும் யாரும் மறக்கவில்லை. ஒரு பக்கற்றை எத்தனை நாளுக்கு இழுக்கலாம் என்று கணக்குப் பார்த்துக் கரண்டியைக் குறைத்த வீடுகள் உண்டு. வெள்ளையாக இருக்கிறது என்பதற்காக அது பாலாகாது. நான்கு தடவை நீர்ப்பால் கொடுப்பதைவிட இரண்டு தடவை முறையாகக் கரைத்த பாலும், நடுவில் வெறும் தண்ணீரும் கொடுப்பது நல்லது. ரின்பாலைக் கரைத்துக் கொடுப்பது இதைவிட மோசம். அதில் ஏறத்தாழப் பாதி சீனி.

ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கென்று எண் போட்டு விற்கும் விசேட பால்மா பற்றி நேராகவே சொல்லிவிடலாம்: அது தேவையில்லை. 12 முதல் 23 மாதப் பிள்ளைகளுக்கு அதைப் பரிந்துரைப்பதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 வழிகாட்டலில் எழுதியிருக்கிறது. மிச்சமாகும் காசுக்கு முட்டை வாங்கலாம். சாதாரண முழு ஆடைப் பால்மாவே போதும். கொழுப்பு நீக்கியது பெரியவர்களுக்கானது. இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு வேண்டாம்.

வன்னியில் ஒரு வேடிக்கை உண்டு. பட்டியில் மாடு நிற்கும். கறந்த பால் காலையிலேயே சேகரிப்பு நிலையத்துக்குப் போய்விடும். அந்தக் காசில் பிள்ளைக்குப் பால்மா பக்கற் வரும். விற்கும் பாலில் ஒரு கிளாஸை வீட்டில் நிறுத்தினால் என்ன? ஒரே நிபந்தனை, பொங்கி எழும்வரை காய்ச்ச வேண்டும். கறந்த சூட்டில் பச்சைப்பால் குடித்தால் பலம் என்ற கதையைச் சின்னப் பிள்ளையிடம் சோதித்துப் பார்க்க வேண்டாம். மாட்டிலிருந்து புரூசெல்லோசிஸ், காசநோய் போன்றவை வரும் வழிகளில் அதுவும் ஒன்று.

சூப்பிப் போத்தலைப் பிள்ளையின் வாயில் வைத்துப் படுக்கப் போடுவதையும் நிறுத்த வேண்டும். தூக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் பால் பல்லோடு தங்கி முன்பற்கள் சூத்தையாகிவிடும். ஒரு வயதிலிருந்தே பேணிக்கு மாற்றத் தொடங்கினால் ஒன்றரை வயதுக்குள் போத்தலை ஒளித்துவிடலாம்.

மோல்ட் மாவும் பக்கற் பானமும்

மோல்ட், சொக்கலேற் மாக்களின் விளம்பரத்தில் பிள்ளை ஓடும், பாயும், கிண்ணம் வாங்கும். பக்கற்றைத் திருப்பி, சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். எடையில் கூடியது முதலில் வரும்படிதான் அதை எழுதுவார்கள். சீனி எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்று பார்த்தால் மீதியை நீங்களே முடிவு செய்வீர்கள்.

பக்கற் பானங்களில் இன்னொரு தடுமாற்றம். 2016 முதல் இலங்கையில் விற்கும் இனிப்புப் பானங்களில் சீனிக்கு நிறக் குறியீடு உண்டு. 100 மில்லிலீற்றரில் 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை, 2 முதல் 11 வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. சிவப்பைக் கண்டு கையை எடுப்பவர்கள் மஞ்சளைக் கண்டால் “பரவாயில்லை” என்று வாங்கிவிடுகிறார்கள். 100 மில்லிலீற்றரில் 10 கிராம் இருந்தாலும் மஞ்சள்தான். அப்படியான 200 மில்லிலீற்றர் பக்கற் ஒன்றில் 20 கிராம் சீனி, அதாவது ஏறத்தாழ ஐந்து தேக்கரண்டி. உறிஞ்சுகுழலால் இரண்டு நிமிடத்தில் உள்ளே போய்விடும். பஸ்ஸில் அழும் பிள்ளையை அடக்கக் கையில் கொடுப்பது இதைத்தான். பச்சைக் குறி உள்ள சிலவற்றில் சீனிக்குப் பதில் செயற்கை இனிப்பு இருக்கும். அதுவும் இந்த வயதுக்கு வேண்டாம்.

வீட்டில் பிழிந்த தோடம்பழச் சாறு இதைவிட மேல். ஆனாலும் ஒரு வயதுக்கு முன் கூடாது, மூன்று வயது வரை நாளுக்கு 120 மில்லிலீற்றருக்கு மேல் வேண்டாம். தோடம்பழத்தைச் சுளையாகவே கொட்டை எடுத்துக் கொடுத்தால் நாரும் சேர்ந்து போகும். இளநீரும் மோரும் வெயில் காலத்தில் இடையிடையே நல்லவை; இளநீர் வெட்டியவுடன் கொடுக்க வேண்டும், மோரில் உப்பு அள்ளிப் போடக்கூடாது. வற்றாப்பளைப் பொங்கலன்று தண்ணீர்ப்பந்தலில் பிள்ளை ஒரு கிளாஸ் சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டது என்று யாரும் பதற வேண்டாம். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, ஐஸ் எதில் செய்தது என்பதைத்தான் நான் கேட்பேன்.

கிணற்றுத் தண்ணீர்

இங்கே மற்ற ஊர்க்காரர்களுக்கு இல்லாத கவலை நமக்கு உண்டு. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கைப் பார்த்துத்தான் பலர் தண்ணீர் கூடாது என்கிறார்கள். அது கல்சியம், மக்னீசிய உப்பு. தண்ணீரைக் கொதிக்க வைக்கும்போது வெளியே வந்துவிட்ட கடினத்தன்மை. பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாத புளோரைட்டுக்கு. நிறமில்லை, மணமில்லை, பொருக்கும் விடாது.

உலர்வலய நிலத்தடி நீரில், குறிப்பாக வவுனியாப் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில், அது கூடுதலாக இருக்கிறது. நிலைத்த பற்களின் எனாமல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் காலம் இந்தச் சின்ன வயதுதான். இப்போது குடிக்கும் தண்ணீரின் கறை ஏழெட்டு வயதில் முன்பல் முளைக்கும்போதுதான் தெரியவரும். அதன்பின் தேய்த்துப் போக்க முடியாது. ஒரு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. நம்மைப்போல் வெயிலில் அதிகம் தண்ணீர் குடிப்பவர்களுக்கு அதற்கும் கீழே இருப்பது நல்லது. தேயிலையிலும் புளோரைட்டு உண்டு என்பதால், அப்படியான கிணற்று நீரில் ஊற்றிய பிளேன்ரீ இரட்டைக் கணக்கு.

பெரும்பிழை, கொதிக்க வைத்தால் எல்லாம் சரி என்று நினைப்பது. கொதிநீரில் கிருமி சாகும். புளோரைட்டு போகாது, நீர் வற்றுவதால் செறிவு சற்றுக் கூடத்தான் செய்யும். வயலோரக் கிணறுகளில் உரத்தால் சேரும் நைத்திரேற்றும் அப்படியே. துணி வடிகட்டியும் மண்பானையும் இதற்கு உதவா. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கட்டணம் செலுத்திக் கிணற்று நீரைப் பரிசோதிக்கலாம். புளோரைட்டு அதிகம் என்று வந்தால் குளிக்கவும் துவைக்கவும் அதே கிணறு. பிள்ளை குடிக்கவும் சமைக்கவும் மட்டும் குழாய் நீர், ஆர்.ஓ. நீர் (நுண்சவ்வு வழியாக அழுத்தி வடித்தது), அல்லது சுத்தமாகச் சேகரித்த மழைநீர்.

ஆர்.ஓ. நீர் வாங்குபவர்கள் மறப்பது கானை. உள்ளே பாசி பிடித்த கானில் எவ்வளவு நல்ல நீரைப் பிடித்தாலும் வீடு வந்து சேர்வது பாசித் தண்ணீர். மாரியில் கிணறு நிரம்பி வெள்ளம் கலக்கும் மாதங்களிலும், கோடையில் பவுசர் நீரை நம்பியிருக்கும் மாதங்களிலும் எந்த நீரானாலும் கொதித்து ஆறிய பின்பே பிள்ளைக்கு.

தெளிந்த பருப்புத் தண்ணீர்

பருப்பு அவித்த தண்ணீரை மேலாக வடித்து “சத்தெல்லாம் இதில்தான்” என்று ஊட்டுவார்கள். சத்து சட்டியின் அடியில் கிடக்கும், அதைப் பெரியவர்கள் சோற்றோடு சாப்பிடுவார்கள். பிள்ளைக்கு அந்தப் பருப்பையே மசித்துக் கொடுங்கள். இலைக்கஞ்சியும் அப்படித்தான்: கரண்டியில் எடுத்தால் சட்டென்று வழியாத பதத்தில் இருந்தால் உணவு, தண்ணீராய் ஓடினால் வயிற்றை நிரப்பும் வேலை மட்டுமே.

வயிற்றோட்டத்தின்போது

சோடாவை ஆற்றிக் கொடுப்பது, குளுக்கோஸ் கரைத்துக் கொடுப்பது, தண்ணீர் குடித்தால் இன்னும் போகும் என்று நிறுத்திவைப்பது ஆகிய மூன்றுமே ஆபத்து. அதிக சீனி குடலுக்குள் நீரை இழுத்து வயிற்றோட்டத்தைக் கூட்டும். கொடுக்க வேண்டியது ஜீவனி, அதாவது இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யக் கரைத்துக் கொடுக்கும் மா. பக்கற் முழுவதையும், அதில் எழுதியிருக்கும் அளவு கொதித்தாறிய நீரில் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். சின்னப் பிள்ளைதானே என்று அரைப் பக்கற்றைக் கண்ணளவில் கொட்டினால் உப்பின் அளவு பிழைத்துவிடும். கரைத்ததை 24 மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக்கூடாது. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மறுபடியும் கரண்டி கரண்டியாகத் தொடங்குங்கள். தாய்ப்பாலையும் வழக்கமான சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம். கண் குழிவிழுந்தால், சிறுநீர் குறைந்தால், மலத்தில் இரத்தம் கண்டால், பிள்ளை குடிக்கவே முடியாமல் துவண்டால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்; போகும் வழியிலும் ஜீவனியைக் கரண்டியால் கொடுத்துக்கொண்டே போகலாம்.