மின்னஞ்சல் தலைவரியில் சிதையும் பெயர்கள்: காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி?

ரெனே என்ற பிரெஞ்சுப் பெயர், தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஈ எழுத்தில் முடியும். அந்தப் பெயருள்ளவரின் மின்னஞ்சல் உங்களுக்கு வருகிறது. அனுப்புநர் பெயரில் அந்த ஈ இருக்க வேண்டிய இடத்தில், தலையில் அலைக்கோடு போட்ட பெரிய ஏ ஒன்றும் அதையொட்டி © குறியும் நிற்கின்றன. கடிதத்தைத் திறந்தால் உள்ளே அதே பெயர் ஒழுங்காக இருக்கிறது. மேலே மட்டும் ஏன் சிதைந்தது?

பலரும் இதற்குச் செய்யும் வைத்தியம், பெயரிலிருந்து அந்தக் குறியையே நீக்கிவிடுவது. பிரான்சிலும் ஹங்கேரியிலும் குறி போன பெயர் பிழையான பெயர். நிரலாளரின் வசதிக்காக ஒருவர் தம் பெயரைப் பிழையாக எழுதிக்கொள்ள வேண்டியதில்லை. பழுது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து அந்த இடத்திலேயே சரிசெய்யலாம். தொடக்கநிலையில் இருப்பவரும் செய்யக்கூடிய வேலைதான் இது.

முதலில் பின்னணி. மின்னஞ்சலின் வடிவத்தை வகுத்த ஆர்எஃப்சி 822 ஆவணம் (ஆர்எஃப்சி என்பது இணைய விதிகளை வகுக்கும் ஆவண வரிசை) 1982இல் வந்தது. அது அறிந்ததெல்லாம் ஆங்கிலத்துக்கான ஆஸ்கி என்ற குறிமுறையின் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை) 128 குறிகள் மட்டுமே. சாய்கோடு போட்ட எழுத்து அவற்றுள் ஒன்றுகூட இல்லை. 1992இல் வந்த மைம் முறை, கடிதத்தின் உடற்பகுதிக்கு ஒரு முகப்புச்சீட்டு ஒட்டியது: 'இந்த உரை இன்ன குறிமுறையில் எழுதப்பட்டது' என்று. அந்தச் சீட்டு உடற்பகுதிக்கு மட்டுமே செல்லும். அனுப்புநர் பெயர், பொருள் போன்ற தலைவரிகளுக்கு அது பொருந்தாது. உள்ளே சரியாகவும் மேலே தவறாகவும் தெரிவதற்கு இதுவே காரணம். தலைவரியில் ஆஸ்கிக்கு வெளியே உள்ள எழுத்து வந்தால், அதன் குறிமுறையையும் அந்த வரிக்குள்ளேயே சொல்லியாக வேண்டும். அதற்கான விதிகளைக் கீத் மூர் எழுதினார். 1996 நவம்பரில் வெளியான ஆர்எஃப்சி 2047 ஆவணமாக அவை இன்றும் நடைமுறையில் இருக்கின்றன.

படி 1: சிதைவின் தோற்றத்தைப் படியுங்கள்

எந்தக் கோப்பிலும் கைவைக்கும் முன்பு, திரையில் தெரியும் குப்பையை நிதானமாகப் பாருங்கள். எப்படிச் சிதைந்தது என்பதை அதுவே பெரும்பாலும் சொல்லிவிடும்.

ஓர் எழுத்துக்குப் பதிலாக இரண்டு விசித்திர எழுத்துகள் தெரிந்தால், யூடிஎஃப்-8 முறையில் (உலக மொழிகள் அனைத்துக்குமான குறிமுறை) எழுதியதை லத்தீன்-1 அல்லது விண்டோஸ்-1252 (மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய குறிமுறைகள்) என்று எண்ணிப் படித்திருக்கிறார்கள். இதை மீட்டுவிடலாம்.

கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி தெரிந்தால் நிலைமை நேர்மாறு: லத்தீன்-1இல் எழுதியதை யூடிஎஃப்-8 என்று படித்திருக்கிறார்கள். மூலப் பைட் (எழுத்துக்காகச் சேமித்த எண்) இன்னும் கடிதத்தில் இருந்தால் மீட்கலாம். வைரக்குறியையே எழுத்தாக நினைத்து யாராவது சேமித்துவிட்டிருந்தால் மீட்க முடியாது.

வெறும் கேள்விக்குறி மட்டும் இருந்தால், பெரும்பாலும் வழியில் ஏதோ ஒரு நிரல் 'இந்த எழுத்து எனக்குத் தெரியாது' என்று அதைத் தூக்கி எறிந்திருக்கிறது. அந்தப் பிரதியில் தேடிப் பயனில்லை. மூலத் தரவுக்குத்தான் போக வேண்டும்.

சமக்குறியும் கேள்விக்குறியுமாகத் தொடங்கி நீளும் ஒரு சரம் அப்படியே தெரிகிறதா? அது கெட்டுப்போகவில்லை. ஆர்எஃப்சி 2047 முறைப்படி பொதிந்ததை (ஆஸ்கி எழுத்துகளாக மாற்றி எழுதியதை) யாரோ பிரிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

படி 2: மூல வடிவத்தைத் திறந்து பாருங்கள்

திரையில் தெரிவது மின்னஞ்சல் செயலியின் விளக்கம். உண்மையில் வந்து சேர்ந்தது என்ன என்பது வேறு. ஜிமெயிலில் கடிதத்தின் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தினால் அசல் வடிவத்தைக் காட்டும் கட்டளை இருக்கும். தண்டர்பேர்டில் கண்ட்ரோல், யூ விசைகளைச் சேர்த்து அழுத்தினால் போதும். வரும் பக்கத்தில் அனுப்புநர் வரியைத் தேடுங்கள். இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு அமைப்புகளை மாற்றத் தொடங்குகிறவர்கள்தான் நாள்கணக்கில் அலைகிறார்கள்.

படி 3: பொதிந்த சொல்லைப் பிரித்துப் படியுங்கள்

ஒழுங்காக அனுப்பப்பட்ட வரியில் ரெனேயின் பெயர் இந்த வடிவில் இருக்கும்:

=?குறிமுறை?பொதிமுறை?உரை?=

முதல் பகுதியில் யூடிஎஃப்-8 என்றோ ஐஎஸ்ஓ-8859-1 (லத்தீன்-1இன் முறையான பெயர்) என்றோ குறிமுறையின் பெயர் இருக்கும். இரண்டாவது பகுதி ஒற்றை எழுத்து: கியூ அல்லது பி. கியூ என்றால் சாதாரண எழுத்துகள் அப்படியே இருக்கும். மற்றவை சமக்குறியும் பதினாறடிமான (16ஐ அடிப்படையாகக் கொண்ட) எண்ணுமாக மாறும். அந்த ஈ எழுத்து யூடிஎஃப்-8இல் 195, 169 என்ற இரண்டு பைட்டுகள்; ஆகவே வரியில் =சி3=ஏ9 என்று ஆறு குறிகளாக நிற்கும் (திரையில் இவை ஆங்கில எழுத்துகளில் இருக்கும்). இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு வரும். பி என்றால் எல்லாமே பேஸ்64 முறையில் (மூன்று பைட்டுகளை நான்கு எழுத்துகளாக எழுதும் முறை) மாற்றப்பட்டிருக்கும். வெறும் கண்ணால் படிக்க முடியாது.

எதை எப்போது பயன்படுத்துவது? ஓரிரு குறியெழுத்து மட்டும் உள்ள ஐரோப்பியப் பெயருக்குக் கியூ போதும். தமிழ்ப் பெயருக்கு பி தான் ஏற்றது. முத்துக்குமரன் என்ற பெயர் உலக எழுத்துகளின் பட்டியலான யூனிகோடில் 14 குறிகள் (உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படும்). ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள் வீதம் 42. கியூ முறையில் அது 126 குறிகளாக வீங்கும். பி முறையில் 56இல் அடங்கிவிடும். பொதிந்த சொல் ஒவ்வொன்றும் 75 குறிகளுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி என்பதால், இந்த வேறுபாடு முக்கியமானது.

படி 4: பைட்டும் சீட்டும் ஒத்துப்போகின்றனவா?

வரிக்குள்ளேயே சொல்லும் குறிமுறையின் பெயர்தான் இங்கே சீட்டு. வரியில் யூடிஎஃப்-8 என்று எழுதியிருக்கிறது. உள்ளே 195, 169 இருக்கிறது. அப்படியானால் அனுப்பியவர் சரி, உங்கள் செயலிதான் தவறு. உள்ளே 233 என்ற ஒற்றைப் பைட் இருந்தால் அது லத்தீன்-1இல் எழுதிய ஈ; ஒட்டிய சீட்டு பொய்.

195, 131, 194, 169 என்று நான்கு பைட்டுகள் இருக்கலாம். ஏற்கெனவே யூடிஎஃப்-8ஆக இருந்ததை லத்தீன்-1 என்று நினைத்து இரண்டாம் முறையும் மாற்றிவிட்டார்கள் என்று பொருள். மீட்கும் வழி: யூடிஎஃப்-8ஆகப் பிரித்து, லத்தீன்-1ஆக எழுதி, மீண்டும் யூடிஎஃப்-8ஆகப் படிப்பது. இதைப் பெயர்ப்பட்டியல் முழுவதற்கும் கண்மூடி ஓட்டாதீர்கள். சரியாக இருக்கும் பெயர்களை அது கெடுத்துவிடும்.

சீட்டே இல்லாமல் வெறும் பைட்டுகள் வரியில் கிடந்தால், படிக்கும் செயலி ஊகிக்கத்தான் செய்யும். 2012இல் வந்த ஆர்எஃப்சி 6532 தலைவரியில் நேரடியாக யூடிஎஃப்-8 எழுத அனுமதிக்கிறது. ஆனால் வழியிலுள்ள எல்லா வழங்கிகளும் (சர்வர்களும்) அதை ஏற்பதாக இருந்தால் மட்டுமே.

இவற்றையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது, சிதைந்ததே தெரியாத சிதைவு. ஹங்கேரியக் கணிதமேதை பால் ஏர்டிஷின் பெயரில் வரும் ஓ எழுத்தின் தலையில் இரட்டைச் சாய்கோடு உண்டு. மத்திய ஐரோப்பிய மொழிகளுக்கான லத்தீன்-2 முறையில் அதன் எண் 245. லத்தீன்-1இலோ 245 என்பது அலைக்கோடு போட்ட ஓ. ஆகவே லத்தீன்-2இல் எழுதிய பெயருக்கு லத்தீன்-1 என்று சீட்டு ஒட்டினால் குப்பை எதுவும் தெரியாது. பார்வைக்கு ஒழுங்கான, ஆனால் தவறான பெயர் வரும். ஹங்கேரிய மொழியில் அலைக்கோடு போட்ட ஓ கிடையாது. ஹங்கேரியர் கண்ணுக்கு உடனே உறுத்தும், மற்றவர்கள் கடந்துவிடுவார்கள். இரட்டைச் சாய்கோடு போட்ட யூவுக்கும் இதே கதி: 251ஆம் இடத்தில் அதற்குப் பதில் கூரைக்குறி போட்ட யூ வந்து உட்காரும். ஐரோப்பியப் பெயர்கள் உள்ள பட்டியலைக் கையாளும்போது, இந்த இரண்டு எழுத்துகளையும் தனியாகத் தேடிப் பாருங்கள்.

படி 5: பழுது தொடங்கிய இடத்துக்குப் போங்கள்

மின்னஞ்சல் நிரலைக் குற்றம் சொல்லும் முன்பு, பெயர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். எக்செலில் சாதாரண சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பாகச் சேமித்தால், மேற்கு ஐரோப்பிய அமைப்புள்ள விண்டோஸ் கணினியில் அது 1252 முறையில் போகும். சேமிக்கும்போது சிஎஸ்வி யூடிஎஃப்-8 என்ற வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் 8.0 பதிப்புக்கு முன்புவரை இயல்பான குறிமுறை லத்தீன்-1ஆகவே இருந்தது. பழைய அட்டவணைகள் இன்னும் அப்படியே இருக்கக்கூடும். அட்டவணை, நெடுவரிசை, தரவுத்தளத்தோடு நிரல் பேசும் இணைப்பு ஆகிய மூன்றின் குறிமுறையையும் பாருங்கள். பலர் மறப்பது இணைப்பைத்தான்.

படி 6: அனுப்பும் நிரலைத் திருத்துங்கள்

தலைவரியைச் சரங்களை ஒட்டிக் கையால் கட்டாதீர்கள். அதற்கென்றே நூலகங்கள் இருக்கின்றன. பைத்தானில் இமெயில்மெசேஜ் வகுப்பிடம் பெயரை யூனிகோடாகக் கொடுத்தால், பொதிவதை அதுவே பார்த்துக்கொள்ளும். பிஎச்பியின் மெயில் செயற்கூறு பொருள் வரியைத் தானாகப் பொதியாது. எம்பி_என்கோட்_மைம்ஹெடர் வழியே அனுப்ப வேண்டும்.

கையால் கட்டியாக வேண்டிய நிலை வந்தால், தவறு நேரும் இடங்கள் இவை. பொதிந்த சொல்லை மேற்கோள்குறிக்குள் வைக்கக் கூடாது. வைத்தால் செயலி அதைப் பிரிக்காமல் அப்படியே காட்டலாம். பெயரை மட்டும் பொதிய வேண்டும். கோணக்குறிக்குள் இருக்கும் முகவரியைத் தொடக் கூடாது. நீண்ட பெயரை இரண்டு பொதிந்த சொற்களாகப் பிரிக்கும்போது ஓர் எழுத்தின் பைட்டுகளை நடுவில் வெட்டக் கூடாது. செயலி ஒவ்வொன்றையும் தனித்தனியே பிரிப்பதால், வெட்டுப்பட்ட இடத்தில் வைரக்குறிகள் முளைக்கும். அடுத்தடுத்த இரண்டு பொதிந்த சொற்களுக்கு இடையிலுள்ள இடைவெளி காட்சியில் மறைந்துவிடும். ஆகவே பெயருக்கும் குடும்பப்பெயருக்கும் நடுவிலான இடைவெளியைப் பொதிவுக்கு உள்ளேயே வையுங்கள்.

இணைப்புக் கோப்பின் பெயருக்கு வேறு விதி: 1997இல் வந்த ஆர்எஃப்சி 2231. நல்ல நூலகம் அதையும் கவனித்துக்கொள்ளும்.

படி 7: கடினமான பெயர்களால் சோதியுங்கள்

ரெனே என்ற பெயர் சரியாகப் போய்ச் சேர்ந்தால் போதாது. லத்தீன்-1இலேயே உள்ள எழுத்து என்பதால், தவறான நிரலிலும் அது தப்பிவிடலாம். லத்தீன்-1இல் இடமில்லாத எழுத்துகளைச் சேருங்கள்: செக் இசையமைப்பாளர் துவோர்ஷாக்கின் தலையில் கொக்கி போட்ட ஆர் எழுத்து, போலந்து தர்க்கவியலாளர் வூகாஷியேவிச்சின் குறுக்குக்கோடு போட்ட எல், ஏர்டிஷின் ஓ. கூடவே 75 குறிகளில் அடங்காத ஒரு நீண்ட தமிழ்ப் பெயரும் இருக்கட்டும்.

ஈயையும் சாய்கோட்டையும் இரண்டு தனிக் குறிகளாக எழுதிய ஒரு பெயரையும் சேருங்கள். யூனிகோடு அதையும் ஏற்கிறது. கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். ஆனால் பைட் அளவில் வேறு என்பதால், பெயரை வைத்துத் தேடும்போது கிடைக்காது. சேமிக்கும் முன்பே எல்லாப் பெயர்களையும் என்எஃப்சி வடிவத்துக்கு (எழுத்தையும் அதன் மேற்குறியையும் ஒரே குறியாக்கும் யூனிகோடு வடிவம்) மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை இருக்காது.

இந்தப் பெயர்களோடு ஒரு கடிதத்தை மூன்று வேறு செயலிகளில் உள்ள முகவரிகளுக்கு அனுப்புங்கள். ஒவ்வொன்றிலும் அனுப்புநர் பெயர், பொருள், இணைப்பின் பெயர் ஆகியவற்றைப் பாருங்கள். பிறகு 'பதில் அனுப்பு' அழுத்தி, திரும்பி வரும் கடிதத்தின் மூல வடிவத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள். போகும்போது நன்றாக இருந்த பெயர் திரும்பும் வழியில் இரண்டாம் முறை மாற்றப்பட்டு வருவது உண்டு.