பிள்ளையை டே கெயாரில் விடுமுன்: கொழும்புப் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரசவ விடுமுறையின் 84 நாட்களும் முடியப் போகிற கடைசி வாரத்தில்தான், கொழும்பிலுள்ள பல தமிழ்க் குடும்பங்களில் பிள்ளையை யாரிடம் விடுவது என்ற பேச்சே தொடங்குகிறது. அம்மம்மா யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருப்பார். ஊரிலிருந்து வந்து நிற்பதாகச் சொன்ன பெரியம்மாவுக்கு முழங்கால் வருத்தம் வந்திருக்கும். அந்த அவசரத்தில், வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது என்பதும் அலுவலகத் தோழி ஒருவர் நல்ல இடம் என்று சொன்னார் என்பதும் போதிய விசாரணையாகிவிடுகின்றன. தோழியின் சொல்லைத் தள்ளிவிட வேண்டியதில்லை. ஆனால் அவர் சொல்வது தம் பிள்ளைக்கு அங்கே என்ன நடந்தது என்பதை மட்டுமே. அந்த நிலையம் பதிவு செய்யப்பட்டதா, யாராவது வந்து அதைப் பார்வையிடுகிறார்களா என்பது பெரும்பாலும் அவருக்கும் தெரிந்திராது. விசாரிப்பதற்கு இரண்டு மாதமாவது கையில் இருக்க வேண்டும், ஏனென்றால் அலுவலகங்கள் பதில் சொல்லவும் நாள் எடுக்கும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு சுவரில் தொங்கும் தாளை வாசிக்காமல் நம்புவது. என் மகளுக்காக வெள்ளவத்தைப் பக்கத்தில் ஒரு நிலையத்துக்குப் போனபோது, பதிவு இருக்கிறதா என்று கேட்டேன். பொறுப்பாளர் தயங்காமல் சுவரைக் காட்டினார். அரச இலச்சினை, முத்திரை, கையொப்பம் எல்லாம் இருந்த அந்தத் தாள் ஒரு வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ். அரிசிக் கடைக்கும் அழகு நிலையத்துக்கும் கிடைக்கிற அதே பதிவு. இந்தப் பெயரில் இன்னார் தொழில் செய்கிறார் என்பதைத்தான் அது சொல்கிறது. அந்த வீட்டில் கைக்குழந்தைகளை வைத்துப் பராமரிக்கலாமா என்று அதற்காக யாரும் வந்து பார்ப்பதில்லை. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் பதிவு செய்த நிறுவனம் என்பதும் இவ்வாறே. அவர் என்னை ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்லமாட்டேன். வியாபாரப் பதிவுக்கும் பராமரிப்பு நிலையப் பதிவுக்கும் உள்ள வேறுபாடு அவருக்கே தெரிந்திருக்கவில்லை என்பதுதான் எனக்கு அதிக கவலையைத் தந்தது.

அப்படியானால் கேட்க வேண்டிய இடம் எது? அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புச் சேவைகள் மாகாண சபைகளுக்குப் பகிரப்பட்ட விடயமாகிவிட்டதால், கொழும்பில் இருப்பவர்கள் மேல் மாகாணத்தின் நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்திலிருந்து தொடங்குவது முறை. அதற்கும் முன்பு எளிதாகப் போகக்கூடிய இடம் பிரதேச செயலகம். சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்திக்குப் பொறுப்பான உத்தியோகத்தரும் அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் சரியான செயலகத்துக்குப் போக வேண்டும். மாநகர எல்லைக்குள் கொழும்பு, திம்பிரிகஸ்யாய என இரண்டு இருக்கின்றன. கொட்டாஞ்சேனை முன்னதிலும் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை பின்னதிலும் அடங்கும். தெஹிவளைக்குத் தனிச் செயலகம் உண்டு. வீடு ஒரு பிரிவிலும் நிலையம் இன்னொரு பிரிவிலும் இருந்தால், நிலையம் இருக்கும் பிரிவில்தான் விசாரிக்க வேண்டும்.

முன்பள்ளிப் பதிவையும் பராமரிப்பு நிலையப் பதிவையும் ஒன்றாக எண்ணுவது இதற்கு அடுத்துள்ள குழப்பம். மூன்று வயதுப் பிள்ளைகளுக்குக் காலையில் சில மணி நேரம் பாட்டும் படமும் சொல்லிக்கொடுப்பதற்கு ஓர் இடம் பொருத்தமாக இருக்கலாம். ஐந்து மாதக் குழந்தையை மாலை ஆறு மணி வரை வைத்திருந்து, பால் கொடுத்து, துடைத்து, தூங்க வைப்பது முற்றிலும் வேறு வேலை. முன்பள்ளியாகப் பதிந்துவிட்டுப் பின்னேரத்தில் பராமரிப்பையும் சேர்த்துக்கொண்ட இடங்களில், இரண்டாவது வேலைக்கும் பதிவு இருக்கிறதா என்று தனியே கேளுங்கள்.

சரியான சான்றிதழே கைக்கு வந்தாலும் அதில் நான்கு விடயங்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது: யாருடைய பெயர், எந்த முகவரி, எந்தத் திகதி வரை, எந்தச் சேவைக்காக. நம்மவர்கள் பெரும்பாலும் தவற விடுவது முகவரியை. ஒரு கிளைக்குப் பெற்ற பதிவின் நிழற்படப் பிரதியை மறு கிளையில் சட்டமிட்டுத் தொங்கவிட்டிருப்பார்கள். வாடகை வீடு மாறிய பின்னும் பழைய முகவரியுள்ள தாளே தொடர்ந்து தொங்கும். தாள் சிங்களத்தில் மட்டும் இருந்து உங்களுக்கு வாசிக்க வராவிட்டால், தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். அனுமதி கேட்டுக் கைபேசியில் ஒரு படம் எடுத்து, தெரிந்தவரிடம் வாசிக்கக் கொடுங்கள். படமெடுக்க மறுக்கும் நிலையத்தை நான் இரண்டாம் தடவை நினைத்துப் பார்க்கமாட்டேன்.

பதிவு இலக்கத்தை வழங்கிய அலுவலகத்திலேயே சரிபார்க்க வேண்டும். வாய்மொழியாகப் பதில் கிடைக்காவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அரசியல் ஊழலைத் தோண்டுவதற்கு மட்டும் உரியது என்று பலர் எண்ணுகிற இந்தச் சட்டத்தின் கீழ், குறித்த முகவரியில் உள்ள நிலையம் பதிவு செய்யப்பட்டதா, கடைசியாக எப்போது பார்வையிடப்பட்டது என்று தகவல் அலுவலரிடம் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். கோரிக்கை பற்றிய முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் எடுக்க வேண்டும். இரண்டு மாதம் கையில் வேண்டும் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி ஆட்களைப் பற்றி. பொறுப்பாளரின் கல்வித் தகைமையைக் கேட்பவர்கள்கூட, பிள்ளையைத் தூக்கப் போகும் அன்ரிமாரைப் பற்றிக் கேட்பதில்லை. கிராம உத்தியோகத்தரின் நற்சான்றும் பொலிஸ் அறிக்கையும் பணியாளர் ஒவ்வொருவருக்கும் பெறப்பட்டிருக்கிறதா என்பதை மரியாதையாகவே கேட்கலாம். அதைவிட அதிகமாக மறக்கப்படுவது பணியாளரல்லாதவர்கள். கொழும்பில் பல நிலையங்கள் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் நடக்கின்றன. மேலே உரிமையாளரின் மருமகன் இருப்பார், பின்னறையில் வாடகைக்கு ஒருவர் இருப்பார், சாரதி மதியத்தில் வந்து கூடத்தில் சாய்ந்து கிடப்பார். பகலில் அந்த வாசலால் வந்து போகும் வளர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் யாராவது பிள்ளையோடு தனியாக இருக்க நேருமா என்பதே கேள்வி. கேட்பது அநாகரிகம் என்று நாம் கூச்சப்படுகிறோம். நல்ல நிலையம் நடத்துபவருக்கு இந்தக் கேள்வி புதிதாக இராது.

நேரம் சொல்லி, காலை பத்து மணிக்குப் போய்ப் பார்ப்பது இன்னொரு தவறு. பத்து மணிக்கு எல்லா நிலையங்களும் நன்றாகத்தான் இருக்கும். மதியம் ஒன்றரைக்கும், மாலை ஐந்தரைக்குப் பிறகும் போய்ப் பாருங்கள். முதலாவது தூங்கும் நேரம். குழந்தைகள் உறுதியான, தட்டையான படுக்கையில் மல்லாந்து கிடத்தப்பட்டிருக்கிறார்களா, முகத்தருகே தலையணையும் தளர்ந்த போர்வையும் இல்லையா, தூங்குபவர்களை யாராவது பார்த்துக்கொண்டிருக்கிறாரா என்பது அப்போதுதான் தெரியும். இரண்டாவது, காலி வீதி நெரிசலில் பெற்றோர் சிக்கியிருக்க, பணியாளரில் பாதிப்பேர் வீட்டுக்குப் போய்விட்ட நேரம். காலையில் ஆறு பேர் பார்த்த பிள்ளைகளை மாலையில் ஒருவர் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன்.

எத்தனை பிள்ளைக்கு எத்தனை பேர் என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் எளியது. தீப்பிடித்தால் ஒருவரால் இரண்டு கைக்குழந்தைகளைத்தான் தூக்கிக்கொண்டு ஓட முடியும். வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் நான்காம் மாடியில் நிலையம் இருந்தால், தீயின்போது லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். படிக்கட்டில் சைக்கிளும் பழைய அலுமாரியும் அடைத்திருக்கின்றனவா, பின்கதவின் திறப்பு யாரிடம் இருக்கிறது, பல்கனிக் கம்பிகளுக்கிடையே பிள்ளையின் தலை நுழையுமா என்பவற்றைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

சுவரில் வரைந்த யானையையும் பட்டாம்பூச்சியையும் பார்த்து மனம் நிறைந்து, குளியலறையைப் பார்க்காமல் வந்துவிடுகிறோம். நீர்வெட்டுக்குப் பயந்து வாளிகளில் தண்ணீர் நிரப்பி வைப்பது நம் வழக்கம். தவழும் குழந்தை தலைகுப்புற விழுந்தால் அரைவாளித் தண்ணீரே உயிருக்கு ஆபத்து. றம்புட்டான் காலத்தில் அதன் விதையும், மற்றைய நாட்களில் கச்சானும் மூச்சுக்குழாயை அடைக்கக்கூடியவை. நுளம்பைப் பொறுத்தவரை, டெங்கைப் பரப்பும் நுளம்பு பகலில் கடிப்பது என்பதால், பிள்ளை வீட்டில் இருக்கும் நேரத்தைவிட நிலையத்தில் இருக்கும் நேரமே முக்கியமானது. பீலியிலும் பூச்சாடித் தட்டிலும் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள்.

உங்கள் பிள்ளையின் தடுப்பூசிப் பதிவைக் கேட்காத நிலையத்தைத் தொந்தரவு தராத இடம் என்று மெச்சுவதும் தவறுதான். உங்களிடம் கேட்காதவர்கள் மற்றவர்களிடமும் கேட்டிருக்க மாட்டார்கள். நமது அட்டவணைப்படி சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாவுக்கான முதல் ஊசி 9ஆவது மாதத்தில்தான் போடப்படுகிறது. அதற்கு முன் உங்கள் குழந்தைக்குக் கவசம், சுற்றியிருக்கும் பெரிய பிள்ளைகள் ஊசி போட்டிருப்பதுதான். 2023இல் கொழும்பில் சின்னமுத்து மீண்டும் தலைகாட்டியபோது, ஊசி போடும் வயதை எட்டாத குழந்தைகளும் பாதிக்கப்பட்டார்கள்.

மருந்து விடயத்தில் தவறு பெரும்பாலும் பெற்றோருடையது. காலையில் காய்ச்சலுக்குப் பனடோல் கொடுத்துவிட்டு, சொன்னால் பிள்ளையை ஏற்கமாட்டார்கள் என்று மறைத்து விடுகிறோம். அங்கே மீண்டும் உடம்பு சுட, அவர்களும் கொடுக்கிறார்கள். கொடுத்த நேரமும் அளவும் எழுதப்பட்ட ஒரு கொப்பி இரு பக்கமும் போய் வர வேண்டும். விபத்து நேர்ந்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். 1990 என்ற இலவச அம்புலன்ஸ் இலக்கமும், பொரளை லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை அல்லது களுபோவில வைத்தியசாலையின் பெயரும் தயங்காமல் வாயில் வர வேண்டும். முதலில் அம்மாவுக்குக் கோல் எடுப்போம் என்று மட்டும் சொல்வது போதாது.

கமெரா இருக்கிறது, கைபேசியிலேயே பார்க்கலாம் என்ற ஒரு வசதியைக் காட்டியே பல கேள்விகளை இப்போது அடக்கிவிடுகிறார்கள். கமெரா எந்த அறைகளில் இல்லை என்று கேளுங்கள். அதே கடவுச்சொல் முப்பது குடும்பங்களிடம் இருந்தால், உங்கள் பிள்ளை உடைமாற்றுவதை முகம் தெரியாதவர்களும் பார்க்கலாம் என்பதையும் யோசியுங்கள். பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பார்கள் என்பது இதைவிடப் பெரிய கேள்வி. மாமா வருகிறார் என்று தொலைபேசியில் சொன்னாலே கொடுத்துவிடுவார்களா, எழுத்தில் கொடுத்த பெயரையும் அடையாள அட்டையையும் ஒப்பிடுவார்களா? எனது தம்பியை முன்னறிவிப்பின்றி அனுப்பிப் பார்த்தேன். வாசலில் பதினைந்து நிமிடம் நிறுத்தி வைத்தார்கள். அவனுக்குக் கோபம், எனக்கு ஆறுதல்.

கடைசித் தவறு, ஏதாவது பிழையாகத் தெரிந்தால் முதலில் நிலையத்தோடு சண்டைக்குப் போவது. பிள்ளையின் உடலில் விளக்கம் கிடைக்காத அடையாளம் இருந்தால், படமெடுத்து, திகதியை எழுதி, வைத்தியரிடம் காட்டுங்கள். பேசத் தெரிந்த பிள்ளையைக் கேள்விமேல் கேள்வி கேட்டுச் சொற்களை வாயில் திணிக்காதீர்கள். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தண்டனைச் சட்டக் கோவையின் 308அ பிரிவின்படி, பராமரிப்பில் இருக்கும் பிள்ளையைத் துன்புறுத்துவதோடு வேண்டுமென்றே புறக்கணிப்பதும் குற்றம். ஆகவே, அடிக்கவில்லை, கவனிக்கத்தான் இல்லை என்ற சமாதானத்தைக் கேட்டுக்கொண்டு முறைப்பாட்டைக் கைவிட வேண்டியதில்லை.